யார் சொன்னது? – கைபேசியில் வரும் மருத்துவத் தகவலும் நமது பொறுப்பும்

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள் நம் பெரியோர். அந்தச் செல்வத்தில் ஒரு குறைவு ஏற்பட்டால் முன்பெல்லாம் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டார்கள். பின்னர் வைத்தியரிடம் போனார்கள். இன்று இவ்விருவருக்கும் முன்பாக நாம் கைபேசியிடம் கேட்கிறோம். "மூன்று நாள் காய்ச்சல்", "சீனி குறைய என்ன சாப்பிட வேண்டும்" என்று தமிழில் தட்டிய மறு நொடியே நூறு பதில்கள் வந்து நிற்கின்றன. நாம் கேட்காமலே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும் பதில்களோ அதைவிட அதிகம்.

இக்கட்டுரை கைபேசியைக் குறை கூறுவதற்காக எழுதப்பட்டதல்ல. ஹல்துமுல்லையைச் சூழ வாழும் நமக்குக் கைபேசியில் மருத்துவத் தகவல் தேடுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இங்குள்ள வைத்தியசாலையில் பார்க்க முடியாத நோய் என்றால் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அவர் சிங்களத்தில் சொல்வதும், மருந்துத் துண்டில் ஆங்கிலத்தில் எழுதுவதும் நம் வீடுகளில் பலருக்கு விளங்குவதில்லை. கேட்க வெட்கப்படும் பெண்களின் நோய்களும் உண்டு. ஆகவே, நம் மொழியில், நாம் விரும்பும் நேரத்தில், செலவின்றிப் பதில் சொல்லும் கைபேசியை மக்கள் நாடுவது இயல்பே. அது சொல்லும் பதிலை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

தவறான தகவல் என்ன செய்யும்?

2014 ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவில் எபோலா நோய் பரவியபோது நைஜீரியாவில் ஒரு குறுஞ்செய்தி கைக்குக் கை மாறியது. உப்பு நீரைக் குடித்தால் எபோலா வராது என்பதே அச்செய்தி. அதை நம்பி அளவுக்கு மீறி உப்பு நீர் குடித்தவர்களுள் குறைந்தது 2 பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எபோலா அவர்களைத் தொடவில்லை. அவர்களைக் கொன்றது ஒரு செய்தி.

நமது நாட்டிலும் அத்தகைய காலம் ஒன்று இருந்தது. 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஒருவர் தேன், சாதிக்காய் முதலியவற்றைக் கொண்டு ஒரு பாணியைத் தயாரித்து, அது கொவிட் நோயைத் தடுக்கும் என்றார். பயணத் தடைகளையும் சமூக இடைவெளியையும் மறந்து ஆயிரக்கணக்கானோர் அவரது வீட்டின் முன் குவிந்தனர். அப்போதைய சுகாதார அமைச்சரும் அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே கொவிட் தொற்று உறுதியானது. அவர் குணமடைந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெரிய பதவியில் இருப்பவர் சொன்னார், தொலைக்காட்சியில் காட்டினார்கள், ஆயிரம் பேர் வரிசையில் நின்றார்கள் என்பவை எல்லாம் ஒரு மருந்து வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகமாட்டா.

மூன்றாவது உதாரணம் நமது சமூகத்தின் நெஞ்சில் இன்னும் ஆறாதிருப்பது. கொவிட் நோயால் இறந்தவர்களை அடக்கம் செய்வதா, எரிப்பதா என்ற கேள்வி 2020 மார்ச் மாதத்தில் எழுந்தது. அம்மாதம் 24 ஆம் திகதியே உலக சுகாதார ஸ்தாபனம் தனது வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. இரண்டு முறைகளும் பாதுகாப்பானவை என்றும், தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான ஒரு தவறான நம்பிக்கை என்றும் அது விளக்கியது. ஆயினும், அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்ற கருத்து இங்கு மேலோங்கியது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசுவின் உடலும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. அதன் பின்னர் பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரத்தைத் தெரிவித்தனர். முஸ்லிம்கள் மட்டுமன்றி ஏனைய சமூகத்தவர்களும் அதில் பங்கேற்றனர்.

விஞ்ஞானம் இது பற்றி என்ன சொல்கிறது? வைரஸ் என்பது உயிருள்ள கலங்களுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. மனிதர் இறந்து உடற்கலங்களும் இறந்தபின் அதனால் பெருக முடியாது. கொவிட் வைரஸ் பரவும் முக்கிய வழி தொற்றுக்குள்ளானவரின் மூச்சும் இருமலும் பேச்சும் ஆகும். கிணற்று நீரால் அது பரவியதாக எந்த நாட்டிலும் காட்டப்படவில்லை. 2020 இன் முடிவிலும் 2021 இன் தொடக்கத்திலும் இலங்கைச் சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று கருத்து வெளியிட்டன. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

சரியான தகவல் முதல் நாளிலிருந்தே எல்லோரும் படிக்கக்கூடிய விதத்தில் வெளியாகியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தவறான கருத்து ஏறத்தாழ ஓராண்டு அதைவிட வலிமையாக நின்றது. பிழையான மருத்துவத் தகவல் ஒருவரின் உடலை மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் இறுதி விடைபெறுதலையும் பறிக்கும் என்பதை நமது பெற்றோர் தலைமுறை கண்ணாரக் கண்டது. அந்த வேதனையை அறிந்த நாம், சான்றில்லாத ஒரு செய்தியை வேறொருவர் வீட்டுக்கு அனுப்பலாமா?

நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோல்

ஒரு செய்தியை எப்படி எடைபோடுவது என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் கலையைப் படிக்கும்போதே இதைப் படித்திருக்கிறோம். ஒரு ஹதீஸுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஸனத் என்னும் அறிவிப்பாளர் வரிசை. மற்றது மத்ன் என்னும் செய்தி. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை அறிவித்தவர் யார், அவர் நேர்மையும் நினைவாற்றலும் உள்ளவரா, அவர் யாரிடமிருந்து கேட்டார், இடையில் வரிசை அறுந்திருக்கிறதா என்றெல்லாம் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். வரிசையில் ஒருவர் யாரென்றே தெரியாவிட்டால் அந்த அறிவிப்பு பலவீனமானது என ஒதுக்கினார்கள்.

வாட்ஸ்அப்பில் "பலமுறை அனுப்பப்பட்டது" என்ற குறியோடு வரும் செய்தியை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். "அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று இருக்கும். எந்த விஞ்ஞானி, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று இராது. "ஒரு பெரிய டொக்டர் சொன்னார்" என்று இருக்கும். அந்த டொக்டருக்குப் பெயர் இராது. நமக்கு அனுப்பிய மாமியை நமக்குத் தெரியும். மாமிக்கு அனுப்பியவரை மாமிக்குத் தெரியும். அதற்கப்பால் யாருக்கும் எதுவும் தெரியாது. மாமி நல்லவர் என்பதால் செய்தியும் நல்லதாகிவிடாது.

எனவே, உடல்நலம் பற்றிய எந்தத் தகவலிடமும் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது: யார் சொல்கிறார்? பெயரும் தகைமையும் இருக்கின்றனவா? அவர் எதையாவது விற்கிறாரா? காணொளியின் இறுதியில் ஒரு போத்தலும் அதன் விலையும் காட்டப்பட்டால் அது மருத்துவ அறிவுரையல்ல, விளம்பரம். கூகுளில் தேடும்போது முதலில் வரும் சில முடிவுகள் பணம் செலுத்திப் போடப்பட்டவை. அவற்றின் மேல் அப்படி எழுதியுமிருக்கும். நாம்தான் அதை வாசிப்பதில்லை.

இரண்டாவது: எப்போது சொன்னார்? மருத்துவ அறிவு மாறிக்கொண்டிருக்கிறது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தனது இணையப் பக்கங்களில் அப்பக்கம் கடைசியாக எப்போது மீளாய்வு செய்யப்பட்டது, அடுத்து எப்போது மீளாய்வு செய்யப்படும் என்று குறிப்பிடுகிறது. நம்பத்தக்க பக்கத்தின் அடையாளம் அது. ஜெனீவாவிலிருந்து இயங்கிய ஒரு நிறுவனம் 1996 முதல் நல்ல மருத்துவ இணையப் பக்கங்களுக்கு ஹொன்கோட் என்ற முத்திரையை வழங்கி வந்தது. 2022 டிசம்பரில் அச்சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று ஒரு பக்கத்தில் அந்த முத்திரை இருந்தால் அது பழைய முத்திரைதான். ஆகவே முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. திகதியையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: என்ன சான்று? "என் சித்தப்பாவுக்குக் குணமானது" என்பது ஒருவரின் அனுபவம். தடிமன் மருந்து எடுக்காவிட்டாலும் ஒரு வாரமளவில் குணமாகும். அந்த வாரத்தில் நாம் எதைக் குடித்தோமோ அதுவே மருந்தென்று நமக்குத் தோன்றும். இதனால்தான் மருத்துவ ஆய்வாளர்கள் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அந்த மருந்தைக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து எடைபோடுவதற்காகவே 1993 இல் கொக்ரேன் என்னும் சர்வதேச அமைப்பு உருவானது. அதன் முடிவுகளுள் ஒரு பகுதி எளிய தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது.

நான்காவது: யாருக்காகச் சொல்லப்பட்டது? தமிழ் வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் மறந்துவிடும் கேள்வி இது. இணையத்தில் தமிழில் உள்ள மருத்துவத் தகவல்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருவது. அது நல்ல தகவலாக இருந்தாலும் அந்நாட்டு மக்களுக்காகச் சொல்லப்பட்டது. அவசரத்துக்கு 108 ஐ அழையுங்கள் என்று அந்தக் காணொளி சொல்லும். நமக்கோ அம்பியுலன்ஸ் இலக்கம் 1990. அங்குள்ள மருந்தின் வர்த்தகப் பெயர் இங்குள்ள பார்மசியில் இராது.

பாம்புக்கடி இதற்கு நல்ல உதாரணம். நமது வைத்தியசாலைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்காக அது தயாரிக்கப்படுகிறது. ஆனால் இலங்கையில் அதிகமானோரைக் கடிக்கும் விஷப் பாம்பு, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய விரியன். தேயிலை மலைகளிலும் அது உண்டு. அதன் விஷத்துக்கு அந்த மருந்து பயன்படாது. வைத்தியர்கள் வேறு விதமாகவே சிகிச்சை அளிப்பார்கள். "ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு காணொளி சொன்னால் அது இங்கு முழு உண்மையல்ல. எந்தப் பாம்பு கடித்தாலும் கடிவாயை வெட்டாமலும், உறிஞ்சாமலும், இறுக்கிக் கட்டாமலும், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே எல்லா இடத்துக்கும் பொருந்தும் அறிவுரை.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் மூன்று நோய்கள்

இந்த அளவுகோலை நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் நோய்களோடு பொருத்திப் பார்ப்போம்.

டெங்கு: 2017 இல் இலங்கையில் 186,000 க்கும் அதிகமானோருக்கு டெங்கு ஏற்பட்டது, 400 க்கும் அதிகமானோர் இறந்தனர். குளிரான மலைநாட்டில் டெங்கு வராது என்று நினைப்பது தவறு. நுளம்பு பெருகத் தேங்கிய தெளிந்த நீர் போதும். பயணம் போய் வருபவரோடும் நோய் வந்து சேரும். டெங்கு பற்றி எல்லோரும் அறிய வேண்டிய ஒரு விடயம் உண்டு. காய்ச்சல் குறையும்போது நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, வெளியே கசிகிறது. 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை அந்தக் கட்டம் நீடிக்கலாம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பப்பாசி இலைச் சாறு குடித்தால் டெங்கு குணமாகும் என்ற செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை அது கூட்டுமா என்று சில ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் டெங்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மேலே சொன்ன கசிவு. அதை இலைச்சாறு நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. சாற்றை நம்பி வீட்டிலேயே கழிக்கும் ஒரு நாள்தான் பெரிய ஆபத்து. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்கலாம். வயதுவந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் 8 க்கு மேல் கூடாது. அஸ்பிரின், இபுப்புரோபன், டைக்குளோபெனக் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. காய்ச்சல் இரண்டு நாட்களைத் தாண்டினால் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வயிற்றோட்டம்: இதில் ஆபத்து உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே. ஜீவனி பைக்கற் ஒன்றை, கொதித்தாறிய நீர் 1 லீற்றரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். "குழந்தைதானே, கொஞ்சத் தண்ணீரில் அரைவாசியைக் கரைத்தால் போதும்" என்று கண்ணளவில் கலப்பது தவறு. உப்பின் அளவு கூடினால் குழந்தைக்குத் தீங்கு விளையும், குறைந்தால் பயனில்லை. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் போனாலும், குழந்தையின் கண்கள் உள்வாங்கிக் குடிக்கவும் முடியாமல் சோர்ந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நீரிழிவு: நம் வீடுகளில் "சீனி" என்றே சொல்கிறோம். வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் நீரிழிவு என்பார்கள். "ஏழே நாளில் சீனியை விரட்டலாம், குளிசையை வீசிவிடலாம்" என்ற செய்திகள் மிக அதிகமாக வருவது இந்நோய்க்குத்தான். சீனி கூடியிருக்கும்போது பலருக்கு வலியே தெரியாது. ஆகவே குளிசையை நிறுத்தியவர் முதல் மாதம் சுகமாகவே இருப்பார். தகவல் உண்மை என்று நம்புவார். பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுவார். அந்த நேரத்தில் அவரது கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்புகளும் மெல்லப் பழுதடைந்துகொண்டிருக்கும். பாகற்காயும் வெந்தயமும் கருஞ்சீரகமும் உணவில் சேர்வதில் தவறில்லை. அவற்றுக்காக வைத்தியர் தந்த மெட்போமினையோ இன்சுலினையோ நிறுத்துவதுதான் தவறு.

ரமழானில் இது இன்னும் முக்கியமாகிறது. நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள், குளிசையின் அளவையும் நேரத்தையும் தாமே மாற்றாமல், ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காண வேண்டும். நோன்புடன் இருக்கும்போது குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

நம்பிக் கேட்கக்கூடிய இடங்கள்

சுகாதார அமைச்சின் கீழுள்ள சுகாதார மேம்பாட்டுப் பணியகம் மும்மொழிகளிலும் மக்களுக்கான தகவல்களை வெளியிடுகிறது. 1999 என்ற இலக்கத்துக்கு அழைத்து உடல்நலம் பற்றிய சந்தேகங்களைக் கேட்கலாம். எந்த மாவட்டத்தில் எந்தத் தொற்றுநோய் கூடியிருக்கிறது என்பதைத் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. ஒரு மருந்து நாட்டில் பதிவு செய்யப்பட்டதா என்பதைப் பார்ப்பது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அவசர நேரத்தில் சுவசெரிய அம்பியுலன்ஸை 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவசமாகப் பெறலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் வீட்டுப் படலைக்கே வரும் மிட்வைப் மிஸ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் ஆகியோர் இருக்கின்றனர். இவர்களுக்கு நம் ஊரும் நம் வீடும் தெரியும். எந்த இணையப் பக்கத்துக்கும் அது தெரியாது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சரியான தகவல் இருப்பது வேறு. அது நமது மொழியில் நமது வாசலுக்கு வந்து சேர்வது வேறு. நமது பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்ட எச்சரிக்கை, மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தும் செயலாக மாறவில்லை. சுகாதாரத் தகவலுக்கும் இதே நிலை வரலாம். அறிவித்தல் சிங்களத்தில் விரிவாகவும் தமிழில் சுருக்கமாகவும், சில வேளை பிழையாகவும் வரும்போது அந்த இடைவெளியை வாட்ஸ்அப் செய்திகள் நிரப்புகின்றன. நம் மொழியில் நல்ல தகவல் குறைந்தால், கெட்ட தகவல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் மருத்துவத்தைச் சொல்ல முடியாது என்று யாரும் கூற முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைக் கற்று, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வேற்று நாட்டவர் ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன்பே செய்ததை, மும்மொழியும் படிக்கும் வாய்ப்புப் பெற்ற நாம் நம் வீட்டளவிலாவது செய்யலாம்.

மகள்மார் செய்யக்கூடியவை

பெரும்பாலான வீடுகளில் மருந்துத் துண்டை வாசித்துச் சொல்வதும், கிளினிக் கொப்பியைப் பார்ப்பதும், கைபேசியில் தேடிக் கொடுப்பதும் படிக்கும் பெண்பிள்ளைகளே. வீட்டின் அறிவிப்பாளர் வரிசையில் கடைசி ஆள் நாம்தான். எனவே நாம் சொல்வதில் கவனம் வேண்டும். வைத்தியசாலைக்கு உம்மாவோடு போகும்போது, கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். குளிசையை எத்தனை நாட்களுக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எடுப்பது, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வருவது என்பவற்றை வைத்தியரிடம் கேட்டு, தமிழில் எழுதி, குளிசைப் பையிலேயே ஒட்டிவிடலாம். சிங்களத்தில் வரும் சுகாதார அறிவித்தலைத் தமிழாக்கிக் குடும்பக் குழுவில் போடலாம். விளங்காத சொல்லை ஊகிக்காமல் ஆசிரியரிடமோ மிட்வைப் மிஸ்ஸிடமோ கேட்டுப் போடலாம்.

பெரியவர்கள் தவறான செய்தியை அனுப்பினால், எல்லோர் முன்னிலையிலும் "இது பொய்" என்று பதில் போடுவது மரியாதையுமல்ல, பயனுமில்லை. அவர்கள் அதை நம் மீதுள்ள அன்பினால் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்து, "உம்மும்மா, இத யாரு எழுதினதாம்? எந்த டொக்டராம்?" என்று மெதுவாகக் கேட்கலாம். ஸனத் பற்றி நம்மைவிட அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கேள்வியின் நியாயம் அவர்களுக்கு விளங்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வெட்கத்தால் கேட்காத கேள்விகளைக் கைபேசியிடம் கேட்கிறார்கள். மாதவிடாய் வலியோ முகப்பருவோ மனச்சோர்வோ எதுவாயினும், வீட்டில் கேட்க முடிந்தால் பிள்ளை முகம் தெரியாதவரின் காணொளியைத் தேடிப் போகாது. "நாளைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்" என்ற ஒரு வார்த்தை பல தவறான தகவல்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அன்பான தோழிகளே! ஒரு மருத்துவச் செய்தியை அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். அது போய்ச் சேரும் வீட்டில் யார் காய்ச்சலோடு படுத்திருக்கிறார், யார் குளிசையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே யார், எப்போது, என்ன சான்று, யாருக்காக என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காத செய்தியை நமது கைபேசியோடு நிறுத்துவோம். 1990, 1999 ஆகிய இரண்டு இலக்கங்களையும் இன்றே ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவோம். உண்மையான தகவலும் ஓர் அமானிதமே. அதைப் பழுதின்றிச் சேர்ப்பது நம் கடமையாகும்.